ஒரே கிராண்டில் இரண்டாவது வீடு: பினாங்கில் குடும்ப நிலத்தைப் பிரிப்போருக்கான வழிகாட்டி

பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம், ஆயர் ஈத்தாம் போன்ற இடங்களில் பெற்றோர் வாங்கிப் போட்ட நிலத்தில் ஒரு வீடும் அதைச் சுற்றி வெற்று நிலமுமாக இருக்கும் குடும்பங்கள் நம்மவரிடையே நிறைய உண்டு. பிள்ளைகள் தலையெடுத்ததும் பின்பக்கத்தில் இன்னொரு வீடு கட்டலாம் என்றோ, ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொள்ளலாம் என்றோ பேச்சு எழுகிறது. பேச்சு எழுந்த கையோடு பிளான் வரைபவரைத் தேடிப் போகிறார்கள். உண்மையில் வீட்டின் பிளான் இந்த வேலையில் கடைசிப் படிகளில் ஒன்று. எங்கள் குடும்ப நிலத்தின் பொருட்டு நில அலுவலகத்துக்கும் மாநகர் மன்றத்துக்கும் அலைந்ததில் தெளிவான வரிசையை, அடுத்து வருவோருக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நிலத்தின் உரிமையும் அதைக் காட்டும் பத்திரமான கிராண்டும் நில அலுவலகத்தின் பொறுப்பு. நிலத்தின் மேல் எதை எழுப்பலாம் என்பது மன்றத்தின் பொறுப்பு. ஓரிடத்தில் பெற்ற ஒப்புதல் மற்றோரிடத்தில் செல்லாது. தீவில் தீமோர் லாவுட், பாராட் டாயா ஆகிய மாவட்ட நில அலுவலகங்களும் பினாங்குத் தீவு மாநகர் மன்றமும், அக்கரையில் செபராங் பிறை வடக்கு, மத்திய, தெற்கு நில அலுவலகங்களும் செபராங் பிறை மாநகர் மன்றமும் உங்கள் விண்ணப்பத்தைக் கையாளும். கோலாலம்பூரில் இருப்போருக்குத் தேசிய நிலச் சட்டம் பொதுவானதுதான். ஆனால் அங்கே திட்டமிடலுக்குத் தனிச் சட்டம் உண்டு, டத்தோ பண்டார்தான் அதிகாரி. ஆகவே மன்றம் தொடர்பான பகுதியை அவர்கள் அப்படியே பின்பற்றக் கூடாது.

1. எந்த வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே கிராண்டை வைத்துக்கொண்டே இரண்டாவது வீட்டைக் கட்டுவது முதல் வழி. நில அலுவலகத்தில் வேலை குறைவு. கிராண்டின் நிபந்தனை இடம் கொடுத்தால் மன்றத்தின் அனுமதி போதும். ஆனால் சட்டத்தின் பார்வையில் வீடு நிலத்தோடு சேர்ந்தது. தம்பி தன் பணத்தில் கட்டினாலும் கிராண்டில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தால், வீடு அண்ணனுடையது. முத்திரை ஒட்டிய தாளில் குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தால் நீதிமன்றத்தில் வழக்காட முடியுமே தவிர, அது கிராண்ட் ஆகிவிடாது. இருவர் பெயரையும் கிராண்டில் ஏற்றினாலும், பிரிக்கப்படாத பாதிப் பங்கை மட்டும் அடமானமாக ஏற்க வங்கிகள் பெரும்பாலும் தயங்கும். முழு நிலத்தையும் அடகு வைக்க இருவரும் கையெழுத்திட வேண்டிவரும்.

ஒரே உரிமையாளர் தம் நிலத்தை இரண்டாகப் பிரித்து இரு கிராண்டுகளையும் தம் பெயரிலேயே பெறுவது இரண்டாவது வழி. இதற்குப் 'பெச்சா செம்பாடான்' என்று பெயர். விண்ணப்பப் படிவம் போராங் 9ஏ. கூட்டு உரிமையாளர்கள் தத்தம் பங்குக்கு ஏற்பத் தனித்தனிக் கிராண்ட் பெறுவது மூன்றாவது வழி. அது 'பெச்சா பஹாகியான்', போராங் 9பி. கவுன்டரில் இவ்விரண்டையும் மாற்றிக் கேட்டால் வேறு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்போர், மற்றவர் இணங்காவிட்டாலும் பங்கு பிரிக்க விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதுவும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்றம்தான். அந்த நிலைக்குப் போகும் குடும்பம் வழக்கறிஞருக்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளுக்கு வழக்கமான ஸ்டிராட்டா முறையில் ஒரே மனையின் இரு வீடுகளுக்கும் தனித்தனி உரிமை பெறும் வாய்ப்பும் சட்டத்தில் உண்டு. ஆனால் இரண்டே வீடுகளுக்காக மேலாண்மைக் கழகமும் பராமரிப்புக் கணக்கும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்மனைக்குச் சாலை கிடைக்கவே கிடைக்காது என்றால் மட்டும் அதைப் பற்றி விசாரியுங்கள்.

2. கிராண்டை வரி விடாமல் படியுங்கள்

பீரோவில் இருக்கும் பழைய நகலை நம்ப வேண்டாம். நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரப்பூர்வத் தேடலுக்குக் கட்டணம் கட்டிப் புதிய சான்றை வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியவை இவை.

உரிமையின் வகை. எண்ணுக்கு முன் 'கெரான்', 'கெரான் முக்கிம்', 'பஜாக்கான்' என்று இருந்தால் அது இறுதிக் கிராண்ட். 'எச்.எஸ்.டி.' அல்லது 'எச்.எஸ்.எம்.' என்று இருந்தால் அது தற்காலிகக் கிராண்ட். அளவை முடிந்து இறுதிக் கிராண்ட் வெளிவரும் வரை அந்த நிலத்தைப் பிரிக்க முடியாது. இந்த மூன்று எழுத்துகளைக் கவனிக்காமல் பிளானுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பலர்.

பயன்பாட்டு வகை. 'பங்குனான்' என்றால் கட்டட நிலம், கவலை குறைவு. 'பெர்தானியான்' என்றால் விவசாய நிலம். விவசாய நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அது 4,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஓர் ஏக்கர். 4,000 சதுர அடி என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு; 4,000 சதுர அடி என்பது 372 சதுர மீட்டர்கூட இல்லை. ஆகவே விவசாய வகையில் இருக்கும் வீட்டு மனையைப் பிரிக்க, வகை மாற்றத்தையும் பிரிப்பையும் சேர்த்துக் கோரும் விண்ணப்பமோ, நிலத்தை அரசிடம் ஒப்படைத்துப் புதிய நிபந்தனையோடு திரும்பப் பெறும் 'செரா பாலேக்' முறையோ வேண்டும். இரண்டிலும் அரசுக்குப் பிரீமியம் எனும் நிலக் கட்டணம் கட்ட நேரும். மொத்தச் செலவில் அதுவே மிகப் பெரிய தொகையாகவும் ஆகலாம். வகை இருக்க வேண்டிய இடத்தில் 'தியாடா' (இல்லை) என்று மட்டும் இருக்கும் பழைய கிராண்டுகளும் பினாங்கில் உள்ளன. அப்படியானால் நகர நிலமா, கிராம நிலமா, நாட்டுப்புற நிலமா என்பதைப் பொறுத்துச் சட்டமே மறைமுக நிபந்தனை விதிக்கிறது; நாட்டுப்புற நிலம் பொதுவாக விவசாயத்துக்கு என்றே கொள்ளப்படும்.

நிபந்தனையும் கட்டுப்பாடும். 'ஷாராட் ஞாத்தா' என்ற பகுதியில் 'ஒரு குடியிருப்பு வீட்டுக்கு மட்டும்' என்ற பொருளில் ஏதேனும் எழுதியிருந்தால், அந்த நிபந்தனையை மாற்றாமல் இரண்டாவது வீடு இல்லை. 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்ற பகுதியில் மாநில அரசின் ஒப்புதலின்றிப் பெயர் மாற்றவோ அடகு வைக்கவோ கூடாது என்றிருந்தால், அந்த ஒப்புதலுக்கான காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கடைசியாகப் பின்பக்கக் குறிப்புகள். வங்கி அடமானம், குத்தகை, நிலத்தைக் கைமாற்ற விடாமல் பதிவு செய்யும் தடையான கேவியட் ஆகியவை அங்கேதான் இருக்கும். பதிவான உரிமை உடைய ஒவ்வொருவரின் எழுத்துப்பூர்வ இணக்கமும் இல்லாமல் பிரிப்புக்கு ஒப்புதல் கிடைக்காது. கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் அடமானத்தை நீக்காமல் விட்ட குடும்பங்கள், முதலில் வங்கியிடம் விடுவிப்புப் பத்திரம் வாங்கிப் பதிவு செய்யட்டும். மூலக் கிராண்ட் தொலைந்திருந்தால் மாற்றுக் கிராண்டுக்கு அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டும்; அதை இன்றே தொடங்குங்கள்.

3. கிராண்டு இன்னும் அப்பா பெயரில் இருந்தால்

இறந்தவர் பெயரில் உள்ள நிலத்தைப் பிரிக்க யாராலும் விண்ணப்பிக்க முடியாது. உயில் எழுதாமல் இறந்திருந்து, சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போகாவிட்டால், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் போராங் ஏ வழியாக விண்ணப்பிக்கலாம். இந்த வரம்பு 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் 20 லட்சத்திலிருந்து உயர்ந்தது. பழைய வரம்பை நம்பி நீதிமன்றம் போவோர் இன்னும் இருக்கிறார்கள். இறப்புச் சான்று, கிராண்டு நகல், வாரிசுகள் அனைவரின் அடையாள அட்டை, திருமணச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவை தேவை. அப்பாவின் பெயர் கிராண்டில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது நம்மவரிடம் மிகச் சாதாரணம்; இருவரும் ஒருவரே என்ற சத்தியப் பிரமாணத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

முஸ்லிம் அல்லாதோருக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். இறந்தவருக்குப் பெற்றோர் இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் கணக்கு மாறும்: பெற்றோருக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை.

இந்தக் கட்டத்தில்தான் மிகக் கவனம் தேவை. ஐந்து பிள்ளைகளில் இருவர் மட்டுமே நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றால், மற்ற மூவரும் தம் பங்கை விட்டுக்கொடுப்பதைப் பங்கீட்டுப் பிரிவின் விசாரணை நாளிலேயே, ஐவர் பெயரும் கிராண்டில் ஏறுவதற்கு முன்பே, அதிகாரியின் முன்னிலையில் பதிவு செய்துவிட வேண்டும். 2024 ஜனவரி 1 முதல், சட்டப்படியான ஒரு வாரிசு இன்னொரு வாரிசுக்காகப் பங்கைத் துறக்கும் பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி வெறும் 10 ரிங்கிட். ஐவர் பெயரும் ஏறிவிட்ட பிறகு அக்காள் தம்பிக்கு எழுதிக் கொடுத்தால் அது சாதாரணப் பெயர் மாற்றமாகவே கருதப்பட்டு, மதிப்புக்கேற்ற முழு முத்திரை வரியும் விழும். அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து பிள்ளைக்கு அன்பளிப்பாக எழுதினால், பெறுபவர் மலேசியக் குடிமகனாக இருக்கும் பட்சத்தில், 2023 ஏப்ரல் 1 முதல் முதல் 10 லட்சம் ரிங்கிட் மதிப்புக்கு வரியே இல்லை, மீதிக்குப் பாதி வரி. அண்ணன் தம்பிக்குள் அந்தச் சலுகை கிடையாது. 'எல்லார் பெயரிலும் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பெரியவர்கள் சொல்வது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அந்தப் 'பிறகு'வுக்கு விலை உண்டு.

4. முதலில் அளவையாளர், அதன் பின் பிளான்

உரிமம் பெற்ற நில அளவையாளரை, வழக்கில் சொன்னால் சர்வேயரை, இந்தக் கட்டத்தில் அமர்த்துங்கள். உரிமம் உள்ளவரா என்பதை நில அளவையாளர் வாரியத்தின் பட்டியலில் சரிபார்க்கலாம். எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் 'ரன்னர்'களிடம் மூலக் கிராண்டை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

அளவையாளர் முதலில் எல்லைக் கற்களைத் தேடுவார். எங்கள் நிலத்தின் பின்மூலைக் கல், முருங்கை மரத்தடியில் ஒரு முழ ஆழ மண்ணுக்கும் பழைய ஓட்டுச் சில்லுகளுக்கும் கீழே கிடந்தது. மண்வெட்டி 'ணங்' என்று பட்டபோதுதான், இத்தனை காலம் எல்லை என்று நாங்கள் நினைத்திருந்த அண்டை வீட்டு வேலி எங்கள் பக்கம் நகர்ந்து நிற்பது தெரிந்தது. இப்படி ஏதும் வெளிப்பட்டால் அண்டை வீட்டாரிடம் அப்போதே நயமாகப் பேசி முடியுங்கள். அவரது ஒத்துழைப்பு பின்னர் வேறு விதத்திலும் தேவைப்படும்.

அடுத்தது, பலரது திட்டம் முறிகிற இடமான வழி. பிரிக்கப்படும் ஒவ்வொரு மனைக்கும் போதுமான போக்குவரத்து வழி இருக்க வேண்டும் என்பது சட்டம். சாலை மட்டுமன்றி ஆறு, கடற்கரை, இரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து வரும் வழியையும் சட்டம் ஏற்கிறது. பட்டர்வொர்த் இரயில் நிலையத்தைக் காட்டி யாரும் மனை பிரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நடைமுறையில் சாலைதான். 40 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள மனையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் பிரித்தால் ஆளுக்கு 20 அடி அகலம். எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியைக் கழித்தால் தனி வீட்டுக்கு இடமே மிஞ்சாது. குறுக்கில் பிரித்தால் பின்மனைக்குச் சாலை இல்லை. ஓரமாக 10 அடிப் பாதை விட்டால் முன்மனை குறுகும். அந்த அகலத்தை மன்றமும் ஏற்பது அரிது, ஏனெனில் குடியிருப்புச் சாலைக்குப் பொதுவாக 40 அடி ஒதுக்கீடு எதிர்பார்க்கப்படுகிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, மன்றத்தின் திட்டமிடல் துறைக் கவுன்டரில் காட்டி வாய்மொழியாகக் கருத்துக் கேட்பதற்குச் செலவில்லை.

நிலத்துக்கு அடியில் இருப்பதையும் பாருங்கள். முன்வீட்டின் செப்டிக் தொட்டி பின்மனையில் விழுகிறதா, தண்ணீர்க் குழாய் யார் நிலத்தின் வழியாகப் போகிறது, பழைய வீட்டின் சமையலறை நீட்டிப்பு புதிய எல்லைக்கோட்டில் ஏறி நிற்கிறதா என்பதெல்லாம் பிரிப்புப் பிளானில் கேள்விகளாகத் திரும்பி வரும். பாயா தெருபோங், தஞ்சோங் பூங்கா போன்ற மலையடிவாரங்களில் 76 மீட்டர் உயரத்துக்கு மேலோ 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலோ இருக்கும் நிலத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஜார்ஜ் டவுன் பாரம்பரிய எல்லைக்குள் இருப்பவை இன்னொரு ரகம்.

5. மன்றத்தின் திட்ட அனுமதி

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி 'கெபெனாரான் மெரஞ்சாங்' எனும் திட்ட அனுமதி இல்லாமல் எந்த மேம்பாடும் கூடாது. நிலத்தைப் பிரிப்பதும் மேம்பாடுதான். மீறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விண்ணப்பத்தைத் தகுதி பெற்ற நிபுணர், அதாவது பதிவு பெற்ற நகரத் திட்டமிடுநரோ கட்டடக் கலைஞரோ, மன்றத்தின் ஒரே இட விண்ணப்ப மையமான ஓ.எஸ்.சி.யின் இணையத் தளம் வழியாகச் சமர்ப்பிக்க வேண்டும். உங்கள் தரப்பிலிருந்து தேடல் சான்று, நில வரி ரசீது, வீட்டு வரி ரசீது, உரிமையாளர்களின் இணக்கக் கடிதம், நிலத்தின் தற்போதைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள் ஆகியவை தயாராக இருக்கட்டும். வடிகால், தண்ணீர், கழிவுநீர்த் துறைகளின் கருத்துகளை ஓ.எஸ்.சி.யே கேட்டுப் பெறும். அவர்கள் திருத்தம் கேட்டால் பிளான் திரும்பி வரும். பெரும்பாலான தாமதம் அந்தத் திருத்தம் நிபுணரின் மேசையில் கிடப்பதால்தான். மன்றத்தைக் குறை சொல்லும் முன் உங்கள் ஆளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள்.

உங்கள் பகுதிக்கு, நிலப் பயன்பாட்டை வரையறுக்கும் உள்ளூர்த் திட்டம் நடைமுறையில் இல்லையெனில், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். அவர்கள் ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம் உண்டு. வேலித் தகராறை முன்பே பேசித் தீர்க்கச் சொன்னது இதற்காகத்தான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் 'லெம்பாகா ராயுவான்' எனும் மேல்முறையீட்டு வாரியத்தை அணுகலாம். கிடைத்த அனுமதி 12 மாதங்களுக்குத்தான் செல்லும். அதற்குள் வேலை தொடங்காவிட்டால் நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

6. நில அலுவலகத்தில் கொடுக்க வேண்டியவை

திட்ட அனுமதி கைக்கு வந்த பிறகே போராங் 9ஏ அல்லது 9பி. அதனோடு மூலக் கிராண்ட், திட்டமிடல் அதிகாரியின் ஒப்புதல் பெற்ற பிளான், அளவையாளர் தயாரிக்கும் முன்கணிப்பு அளவைப் பிளான், வங்கி முதலிய உரிமையுள்ளோரின் இணக்கக் கடிதம், பாக்கியில்லாத நில வரி ரசீது, கட்டணம் ஆகியவை சேர வேண்டும். பினாங்கில் நில வரிக்கான கெடு மே 31. அந்தக் கெடுவைத் தாண்டிய சிறு பாக்கி கூட விண்ணப்பத்தை நிறுத்திவிடும். ஒப்புதல் வந்ததும் பட்டியலிட்ட கட்டணங்களைக் கெடுவுக்குள் கட்டுங்கள். பிறகு அளவையாளர் புதிய எல்லைக் கற்களை நட்டு, அளவைப் பிளான் அளவைத் துறையில் ஏற்கப்பட்டு, பழைய கிராண்ட் ரத்தாகி, புதிய இரண்டு வெளிவரும். தொடக்கத்திலிருந்து இதுவரையிலான காலத்தை ஆண்டுக் கணக்கில் எண்ணுங்கள். அடுத்த தைக்குப் புதுமனை புகுவிழா என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

7. எந்தப் பணம் எப்போது

அளவையாளருக்கும் திட்டமிடுநருக்கும் கொடுப்பதை வேலைக் கட்டங்களோடு கட்டிப் போடுங்கள்: அமர்த்தும்போது ஒரு பகுதி, திட்ட அனுமதிக்குப் பின் ஒரு பகுதி, புதிய கிராண்ட் வந்ததும் மீதி. அளவைக் கட்டணத்துக்குச் சட்டப்படியான அட்டவணை உண்டு. அதன்படி எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். மன்றத்தின் செயலாக்கக் கட்டணம், சாலைக்கும் வடிகாலுக்குமான பங்களிப்பு, நில அலுவலகக் கட்டணம், வகை மாற்றம் இருந்தால் பிரீமியம் ஆகியவை தனி.

பிரித்த பின் ஒரு துண்டை உடன்பிறந்தவருக்கு மாற்றினால் முத்திரை வரி முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2, அடுத்த 5 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 4. 3 லட்சம் ரிங்கிட் மதிப்புள்ள மனைக்கு 1,000 கூட்டல் 4,000, ஆக 5,000 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் முதல் 5 லட்சத்துக்கு 1.25 விழுக்காடு, அதே மனைக்கு 3,750 ரிங்கிட். மதிப்பை முடிவு செய்வது நீங்கள் எழுதும் தொகையல்ல, அரசு மதிப்பீட்டுத் துறை. சொத்தைக் கைமாற்றும்போது கிடைக்கும் லாபத்துக்கான நிலச் சொத்து ஆதாய வரி, சொத்தைப் பெற்றதிலிருந்து ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்குக் கிடையாது. முதல் மூன்று ஆண்டுக்குள் என்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. வரி வராவிட்டாலும் 60 நாளுக்குள் படிவம் போட வேண்டும்.

8. வீடு

இப்போதுதான் கட்டடப் பிளான். அதைச் சமர்ப்பிக்கும் கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் கட்டி முடிந்ததும் ஜி1 முதல் ஜி21 வரையான நிலைச் சான்றுகளின் அடிப்படையில் சி.சி.சி. எனப்படும் நிறைவுச் சான்றை வழங்குவார். 2007 ஏப்ரல் முதல் அந்தப் பொறுப்பு மன்றத்திடம் இல்லை. பிளானில் இல்லாத ஓர் அறையை மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்துக்கொண்டால் சி.சி.சி. அங்கேயே நின்றுவிடும். ஒப்பந்தக்காரர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிவு உள்ளவராக இருக்கட்டும்; 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு அவர் 0.125 விழுக்காடு தீர்வை கட்ட வேண்டும், அதை உங்கள் விலையில் மீண்டும் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள்.

9. பில்கள்

புதிய வீட்டுக்குத் தனி மின் மீட்டரும் தனித் தண்ணீர் மீட்டரும் சி.சி.சி.க்கு முன்பே விண்ணப்பிக்கப்பட வேண்டும். உரிமை கைமாறியிருந்தால் மூன்று மாதங்களுக்குள் மன்றத்தின் மதிப்பீட்டுத் துறைக்குத் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் வீட்டு வரி பழைய பெயரிலேயே வந்துகொண்டிருக்கும், பாக்கிக்கும் பழைய உரிமையாளரையே கேட்பார்கள். அந்த வரிக்குப் பிப்ரவரி இறுதியும் ஆகஸ்ட் 31உம் கெடு. நில வரியும் இனி இரண்டு கிராண்டுகளுக்கும் தனித்தனி. புதிய கணக்கு எண்கள் பில்லாக வரும் வரை காத்திராமல், கிராண்டை வாங்கும் அன்றே கவுன்டரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.